தாய்ப்பத்திரத்தில் இருக்கும் ஊர்

(தளவாய்புரத்தில் வாசகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் ஒருவர் ஊர் வரலாறு பேச வருகிறார் என்றால் என்ன பேசுவார் என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் 192 அடி உயரத்தில் தொடங்குவார். அங்கிருந்து நெற்கட்டும்செவலுக்கு வந்து பூலித்தேவரைப் பார்ப்பார். சேத்தூர், கொல்லங்கொண்டான் பாளையங்களைத் தொட்டுவிட்டு, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த குமாரசாமி ராஜாவில் முடிப்பார். இதையெல்லாம் பேசத்தான் வேண்டும். ஆனால் பேச ஆள் இருக்கிறார்கள், புத்தகமும் இருக்கிறது.

நான் பேச வந்தது நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு நகரிலோ காலனியிலோதான் இருப்பீர்கள். முகப்பில் ஒரு வளைவு, அதில் பெயிண்ட் உதிர்ந்த பெயர், உள்ளே முப்பதடி ரோடும் இருபத்துமூன்றடி ரோடும். கோபுரம் கிடையாது, கல்வெட்டு கிடையாது. "நேத்து வந்த நகருக்கு என்னய்யா சரித்திரம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சென்னைக்குப் போய்வர வேண்டும்.

தி.நகரை எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அந்த வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது ஒரு பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர்கள் அதை நீண்ட ஏரி என்றே எழுதினார்கள். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்துப் பகுதியில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. ஆகவே நகருக்கு தியாகராயர் பெயர், நடுவில் இருந்த பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், பக்கத்துப் பூங்காவுக்கு நடேசனார் பெயர், சாலைக்கு உஸ்மான் பெயர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் புறநகராகிவிட்டது. அந்த ஏரியின் மிச்சம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு பேட்டை இருக்கிறது, 'டேங்க் பண்ட் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரியின் இன்னொரு பகுதியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து நிற்கிறது.

இதில் எனக்கு உறுத்தும் கணக்கு ஒன்று உண்டு. சென்னையின் தெருத்தெருவாக வரலாறு சொன்ன எஸ்.முத்தையாவின் புத்தகம் முதலில் வந்தது 1981-ல். அந்த ஏரியில் பத்து வயதில் நீந்திய ஒரு பையனுக்கு அப்போது எழுபது வயதாகியிருக்கும். இருந்தவர்கள் சிலர், நினைவு தப்பாதவர்கள் அதிலும் சிலர். நம் நகர்கள் பெரும்பாலும் 1985-க்குப் பிறகு வந்தவை. நகர் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த புஞ்சைக்காட்டில் பருத்தி எடுத்தவர்கள், நிலத்தை விற்றவர், வாங்கிக் கல் ஊன்றியவர், முதல் வீடு கட்டிப் பாம்புக்குப் பயந்து விளக்கு அணைக்காமல் படுத்தவர், எல்லோரும் இருக்கிறார்கள். சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். வரலாற்றுக்காரனுக்கு இது மாதிரி வாய்ப்பு கிடைக்காது.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் வீட்டுப் பீரோவில்.

மனை வாங்கும்போது எழுதிய கிரயப் பத்திரத்தோடு இன்னொரு கட்டு இருக்கும். லோன் வாங்கும்போது வங்கியில் கேட்பார்களே, தாய்ப்பத்திரம், அது. அதை நாம் வில்லங்கம் பார்க்கத்தான் எடுப்போம். வக்கீல் பார்த்துச் சரி என்றதும் மடித்து வைத்துவிடுவோம். ஒரு தடவை கதைப் புத்தகம் மாதிரி முதல் வரியிலிருந்து படித்துப் பாருங்கள்.

மேலே ஜில்லா பெயர் இருக்கும். 1910-க்கு முன்னால் எழுதிய பத்திரமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கும். அதற்குப் பிறகு ராமநாதபுரம் ஜில்லா. 1985-ல் காமராஜர் மாவட்டம். 1997-ல் தலைவர்கள் பெயரை எடுத்தபோது விருதுநகர் மாவட்டம். ஒரு நிலம் இம்மியும் நகராமல் நாலு பெயருக்குள் இருந்திருக்கிறது. பழைய ஆவணம் தேடுகிறவருக்கு இது வேடிக்கை இல்லை. எச்.ஆர்.பேட் எழுதி 1917-ல் வெளிவந்த புகழ்பெற்ற திருநெல்வேலி கெசட்டியரைத் திறந்து நம் தாலுகாவைத் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே நாம் அந்த ஜில்லாவை விட்டு வந்துவிட்டோம். நமக்கு வேண்டியது 1879-ல் வந்த ஸ்டூவர்ட்டின் மேனுவல், பிறகு 1972-ல் வந்த ராமநாதபுரம் கெசட்டியர்.

அடுத்து அளவு. இன்றைக்கு நாம் செண்டில் பேசுகிறோம். ஒரு செண்டு 435.6 சதுர அடி. பழைய எழுத்தில் நன்செய் இத்தனை கோட்டை விதைப்பாடு, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று வரும். எத்தனை நெல் விதைத்தால் நிலம் நிறையும் என்பதுதான் அன்றைக்கு அளவு. ஜமீன் கிராமங்களில் சர்வே எண்ணுக்குப் பதிலாகப் 'பைமாஷ் நம்பர்' இருக்கும். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஒவ்வொரு ஜமீனாக அரசு எடுத்துக்கொண்டு, சங்கிலி பிடித்து அளந்து, ரயத்துவாரிப் பட்டா கொடுத்த பிறகுதான் இப்போதுள்ள எண்கள் வந்தன. பிறகு 1979-லிருந்து 1987 வரை யூ.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாடு. அந்த மூன்று எழுத்தைச் சொன்னதும் பின்வரிசையில் நாலு பேர் பெருமூச்சு விடுகிறார்கள், கேட்கிறது. பெயர் மாறி விழுந்த பட்டாக்களுக்காக இன்னும் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி: நான்கு மால், அதாவது நாலு பக்கத்து எல்லை. இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு, மாமூல் வண்டிப்பாதைக்கு வடக்கு, ஓடைக்கு மேற்கு, இன்னாருடைய தோட்டத்துக்குத் தெற்கு. அதோடு நிற்காது. அதிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம், முறைத் தண்ணீர், கமலைக் குழி, பிறகு வந்த பத்திரமென்றால் அஞ்சு எச்.பி. மோட்டார், பம்புசெட் ரூம், மின் இணைப்பு, வேப்பமரம், பனைமரம் என்று எல்லாம் சேர்ந்து விலையாகும். ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று இருந்தால், இன்னும் மூன்று குடும்பம் அந்தத் தண்ணீரில் பயிர் செய்திருக்கிறது என்று அர்த்தம். வரிசையாகப் பத்திரங்களை வைத்துப் படித்தால் கமலை எப்போது போனது, மோட்டார் எப்போது வந்தது, நாலில் ஒன்று எப்போது எட்டில் ஒன்றானது, கடைசியில் கிணறு என்ற சொல்லே இல்லாத பத்திரம் எந்த வருஷத்தில் வந்தது என்று தெரிந்துவிடும். அந்த வருஷத்தில்தான் உங்கள் நகர் பிறந்தது. கிணறு எங்கே போனது என்று கேட்டால், "மூடியாச்சு, மேல டேங்க் நிக்குது" என்பார்கள்.

பத்திரம் தனியாகப் பேசாது. பக்கத்தில் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று 'அ' பதிவேடு. அதில் பரப்பும் தீர்வையும் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். பாசன ஆதாரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, இருபோகமா என்று ஒன்று, மண் வயனமும் ரகமும் என்று ஒன்று, குறிப்பு என்று ஒன்று. பழைய புல எண்ணையும் எழுதியிருப்பார்கள். இன்னொன்று புலப்படம். சர்வே எண்ணுக்குப் பின்னால் 1, 2 என்றும், 1ஏ, 1ஏ2 என்றும் நீளுகிற வாலைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் தம்பி பிரித்தது, அதற்குப் பிறகு மகன்கள் பிரித்தது, ஒரு மூலையை மருமகனுக்கு எழுதியது எல்லாம் அந்த வாலில் இருக்கிறது. புலப்படத்தையும் நகரின் மனை வரைபடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேராகப் போகிற தெரு ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைகிறதா? அங்கே வரப்பு வளைந்திருக்கும். ஒரு வரிசை மனை மட்டும் முக்கோணமாக இருக்கிறதா? ஓடை அறுத்த நிலமாக இருக்கும். எல்லா மழையிலும் முதலில் தண்ணீர் புகுகிற வீடு எது என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும், தரகர் சொல்லமாட்டார்.

இங்கிலாந்தில் ஹாஸ்கின்ஸ் என்று ஒரு பேராசிரியர், லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளூர் வரலாற்றுக்கென்றே ஒரு துறையை 1948-ல் தொடங்கினார். நம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த அதே வருஷம். 1955-ல் அவர் எழுதிய புத்தகம், வயல்வேலியையும் பாதையின் வளைவையும் ஆவணமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. அவர் வேலியில் பார்த்ததை நாம் வரப்பில் பார்க்கலாம். நம்மிடம் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு வரப்புக்கும் முத்திரைத்தாளில் எழுதிய சாட்சி.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்த நகர்களைக் கட்டியது யார்?

ராஜபாளையத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்தது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில்லைச் சுற்றித் தெரு வளர்ந்தது. விருதுநகர் பக்கம் துலுக்கப்பட்டியில் சிமெண்டு ஆலை வந்ததும் அவர் பெயரிலேயே ராமசாமி ராஜா நகர் வந்தது. மதுரை மில்காரர்களின் பெயரில் திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி இருக்கிறது. ஆலைக் குடியிருப்பென்றால் வரைபடம், கணக்கு, ஒதுக்கீட்டுப் பட்டியல் எல்லாம் ஆலை அலுவலகத்தில் இருக்கும்.

தளவாய்புரத்து நகர்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. இந்த ஊரின் பெயரை வெளியூரில் சொன்னால், "நைட்டி ஊரா?" என்பார்கள். சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி, நாம் என்றால் நைட்டி. வடக்கேயிருந்து அச்சிட்ட துணி பேல் பேலாக வந்து இறங்குகிறது. கட்டிங் மாஸ்டர் அடுக்கி வெட்டுகிறார். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீடுகளுக்குப் போகிறது. தைப்பது பெரும்பாலும் பெண்கள், பீஸ் ரேட்டுக்கு. பிறகு ஓவர்லாக், அயர்ன், பாக்கிங். அந்தப் பீஸ் ரேட்டும், அதில் பிடித்துக் கட்டிய சீட்டும், குழுக் கடனும், கழுத்திலிருந்து அடகுக்குப் போய்த் திரும்பிய சங்கிலியும்தான் இந்த மனைகளின் தவணை. ஆனால் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் பல வீட்டில் கணவர் பெயராக இருக்கும். பத்திரம் மறைக்கிற இந்த விஷயத்தை வீட்டின் அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். முன்னறை ஏன் இத்தனை பெரிது? மிஷின் போட. ஜன்னல் ஏன் கிழக்கே இவ்வளவு அகலம்? ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும். தரைக்கு ஒரு முழம் மேலே ஏன் வரிசையாக பிளக் பாயிண்ட்? வாசலில் ஏன் படிக்குப் பக்கத்தில் சரிவு? துணிக்கட்டு ஏற்றிய வண்டி உள்ளே வர. ஒரு தெருவில் நாலு வீடு இப்படி இருந்தால் வீட்டு வாஸ்து என்று விட்டுவிடலாம். தெரு முழுக்க இருந்தால் அது தொழில் வரலாறு.

மின்கட்டண அட்டையை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களா? ரீடிங் எடுப்பவர் கையால் எழுதின வெள்ளை அட்டை. அதில் இணைப்பு யார் பெயரில் என்று இருக்கும். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோதுதான், பல வீடுகளில் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலோ வீட்டை விற்றுவிட்டுப் போன முதல் சொந்தக்காரர் பெயரிலோ இருப்பது தெரிந்தது. அந்த அட்டையில் யூனிட் எந்த மாதம் திடீரென்று ஏறியிருக்கிறதோ, அந்த மாதம் கால்மிதி மிஷின் போய் மோட்டார் மிஷின் வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த மாதமாகவும் இருக்கலாம் அல்லவா.

அடுத்து, கொஞ்சம் சங்கடமான விஷயம். பழைய ஊருக்குள் தெரு என்றால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சாதி இருந்தது. நகரில் அப்படி இல்லை, பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்கிறோம். உண்மையிலேயே யாரும் வாங்கினார்களா? மனை வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதல் ஐந்து வருஷத்தில் யார் யார் வாங்கினார்கள் என்று குறித்துப் பாருங்கள். மனை இருந்தும், பணம் இருந்தும், "அது புக் ஆயிருச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளில் சாதிக் கலவரங்களில் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 1998-ல் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை அரசாங்கமே எண் போட்டு எழுதிய நகர் அது. அதைப் பாராட்டியும் பேசினார்கள், கேலியும் செய்தார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. தனியார் நகர்களிலும் கணக்கு இருந்தது, எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் அரசு ஆதிதிராவிட மக்களுக்கு வழங்க ஆரம்பித்த நிலங்கள் அவை. அந்த மக்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் மாநிலத்தில் எத்தனையோ இடங்களில் அதன்மேல் கட்டடம் நிற்கிறது. உங்கள் நகரின் தாய்ப்பத்திரச் சங்கிலியில் ஒரு கண்ணி காணவில்லை என்றால், ஏன் காணவில்லை என்று கேட்கத் துணிய வேண்டும். வரலாறு எழுதுகிறோம் என்று கிளம்பினால் நகர்ச் சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காமல் போகும், அதற்கும் தயாராக இருங்கள்.

2025 அக்டோபரில் தெருப்பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணை போட்டது. நீக்க வேண்டியதுதான், எனக்கு அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் பலகையை மாற்றுகிற அன்றைக்கே பழைய பெயரை ஊராட்சியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். பத்திரங்களில் பழைய பெயர்தான் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளை அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைத் தேடி அலையக்கூடாது.

காகிதம் இன்னும் எங்கே கிடைக்கும்? 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சொன்னது நினைவிருக்கும். பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி வாங்கியவர்களெல்லாம் அன்றைக்குத் தலையில் கை வைத்தார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவுகளுக்கு. அப்போது கட்டணம் கட்டிக் கொடுத்த மனுக்களோடு வரைபடமும் பத்திர நகலும் இணைத்தோம் அல்லவா? அந்தக் கோப்புகள்தான் இன்றைக்கு நகர்களின் பெரிய ஆவணக் குவியல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் நகரின் அனுமதி வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவென்றால் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்கா என்று போட்டிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் இருக்கும், குப்பை இருக்கும், சில இடங்களில் மாடி வீடே இருக்கும்.

வாக்காளர் பட்டியலை மறந்துவிடாதீர்கள். 2025 நவம்பரில் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நாம் எல்லோரும் 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடினோம். பெயர் கிடைத்ததும் மூடிவிட்டோம். அந்தப் பட்டியலைத் தெரு வாரியாகப் படித்தால், அப்போது உங்கள் நகரில் எத்தனை வீட்டில் ஆள் இருந்தது, எந்த ஊர்க்காரர்கள் முதலில் வந்தார்கள் என்பதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதை விட்டுவிடலாம். போனில் நம்மைவிட வேகமாகத் தேடுவார்கள்.

மிச்சம் இருப்பது மனிதர்களைக் கேட்பது. போன உடனே, "எந்த வருஷம் வித்தீங்க, என்ன விலைக்கு வித்தீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். விலையைக் கேட்டால் விற்றவருக்கு வயிறு எரியும், வாங்கியவருக்குச் சந்தேகம் வரும். தேதியும் விலையும் பத்திரத்தில் இருக்கிறது; சார்பதிவகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் வரிசையாக வந்துவிடும். அவர்களிடம் கேட்க வேண்டியது பத்திரத்தில் இல்லாதது. அந்தக் காட்டுக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? கடைசியாக என்ன விதைத்தீர்கள்? களையெடுக்க யார் யார் வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து? கூலி காசாகவா, தானியமாகவா? விற்கலாம் என்று வீட்டில் முதலில் சொன்னது யார், வேண்டாம் என்றது யார்?

களையெடுக்க வந்தவர்களின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயர்களை முழுசாக எழுதிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கும் போங்கள். நிலம் அவர்கள் பெயரில் இருந்ததில்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் கிடையாது. அந்த மண்ணைப் பற்றி விற்றவரைவிட, வாங்கியவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பகலில் போனால் நூறுநாள் வேலைக்கோ தையலுக்கோ போயிருப்பார்கள். சாயங்காலம் போங்கள்.